24 மணி நேர பிபி மானிட்டர்: மாற்றுச் சிறுநீரகத்தோடு வளரும் பிள்ளைகளுக்கு அவசியம்

மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிள்ளையை வளர்க்கும் எல்லோருக்கும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) லெவல் எவ்வளவு என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இதயத்தைப் பற்றி மட்டும் நாமாகக் கேட்பது குறைவு. அதனால்தான் என் மகளுக்குச் செய்த 24 மணி நேர பிபி பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடுப்பு பெல்ட்டில் மாட்டும் சின்னப் பெட்டி, மேற்கையில் சுற்றும் கஃப் என்ற காற்றுப் பட்டை, நடுவே ஒரு குழாய், அவ்வளவுதான். பகலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, இரவில் அரை மணிக்கு ஒரு தடவை தானே ஊதி அளந்து பதிந்துகொள்ளும். வலிக்காது, இறுக்கும். ஊதும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் இருக்கணும். அசைந்துவிட்டால் மறுபடி ஊத ஆரம்பிக்கும், பிள்ளைக்கு எரிச்சல் வருவது அங்கேதான். கழற்றும்வரை குளியல் கிடையாது, அன்றைய தூக்கமும் அரைகுறைதான். எப்போது படுத்தாள், எப்போது எழுந்தாள் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள், அதைச் சரியாக எழுதுங்கள், ரிப்போர்ட்டில் பகலையும் இரவையும் பிரிப்பது அதை வைத்துத்தான்.

இத்தனை சிரமமும் தகும். கிளினிக்கில் எப்போதும் நார்மலாக இருந்த பிபி, இரவில் இறங்கவே இல்லை என்று இதில்தான் தெரிந்தது. தூங்கும்போது பகலைவிட 10 சதவீதமாவது குறைய வேண்டும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்துகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி உடம்பில் உப்பையும் தேக்கி பிபியை ஏற்றுகின்றன, ஸ்டீராய்டு தன் பங்குக்குக் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றுகிறது, போதாததற்கு மாற்று சிகிச்சைக்கு முன்பே பல வருட சிறுநீரக நோயில் குழாய்கள் விறைத்திருக்கும். இப்படி மறைந்தே இருக்கும் பிபி வருடக்கணக்கில் நீடித்தால் இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்துப்போகும். அதைப் பார்க்கத்தான் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். கல்லீரல் மாற்று செய்த பிள்ளைகளும் இதே மருந்துகளைத்தான் சாப்பிடுகிறார்கள், அவர்களுடைய பெற்றோரும் கேட்டுப் பாருங்கள்.

இனி குறைகள். முதலில் மாட்ட வந்தவர் கையில் கிடைத்த சின்ன கஃபைச் சுற்றிவிட்டார். கஃபுக்குள் காற்று நிரம்பும் பை மேற்கையில் குறைந்தது 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும், சின்னதாக இருந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். நல்லவேளை, அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் டேப் வைத்து மேற்கையின் நடுவில் அளந்து, வேறு கஃப் மாற்றினார். அந்த அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்லணும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் செய்வதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையில் மாட்டவே கூடாது என்பதையும் எங்களுக்குச் சொன்னது அவர்தான்.

ரிப்போர்ட்டில்தான் எனக்குப் பெரிய வருத்தம். பெரியவர்களுக்கான எல்லையை வைத்து 'இயல்பு' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு வயது, பாலினம், உயரம் பார்த்துத்தான் எது அதிகம் என்று சொல்ல முடியும். எங்கள் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் அட்டவணையை எடுத்து வைத்து ஒவ்வொரு எண்ணாக மறுபடி பார்த்தார், இரவு அளவுகளைச் சுற்றி வட்டம் போட்டார், மருந்தை மாற்றினார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தத் தாளை நிம்மதியாக ஃபைலில் வைத்திருப்போம்.

பரிசோதனைக்கு முழு மதிப்பெண், ரிப்போர்ட்டுக்குப் பாதிகூடக் கிடையாது. அடுத்த வருடமும் செய்வோம். நீங்கள் போனால் குழந்தைக்கு ஏற்ற கஃப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், முடிவுப் பக்கத்தை மட்டும் வாங்காமல் ஒவ்வொரு அளவும் நேரத்தோடு இருக்கும் முழுப் பட்டியலையும் வாங்கி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.