‘கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கிறோம்’ என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

ஐப்பசி மழைக்கு முன்னால் மரம் வெட்டுபவர்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். வீட்டை ஒட்டி உயரமான மரம் கண்ணில் பட்டால் போதும். “புயல் அடிச்சா வீட்டு மேலதான் சார் விழும். வெட்டுக்கூலி வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கிறோம்” என்பார்கள். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் 50 அடி வேம்பு இப்படித்தான் போனது.

முதல் மோசடி, கூலிக்கு ஈடாகும் மரத்தை அளக்கும் டேப்பில். தடிமரத்தின் நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. அந்த வேம்பின் அடித்துண்டு 12 அடி நீளம், நடுவில் 5 அடி சுற்று: 1.25 × 1.25 × 12 = 18.75 கன அடி. அவர்கள் டேப்பைச் சுற்றியது மெலிந்த நுனியில். அங்கே 4 அடிதான் என்பதால் கணக்கு 12 கன அடியாகச் சுருங்கியது. அதிலும் ‘பட்டைக் கழிவு’ என்று 2 கன அடி தள்ளினார்கள். இந்தக் கணக்கே உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதத்தைத்தான் காட்டும். கழிவு ஏற்கெனவே போய்விட்டது. கதவு, ஜன்னலுக்கு ஆகும் வேம்பை விறகு விலைக்குப் பேசியது தனி.

பெரிய கொப்பு மொட்டைமாடிக்கு மேலே பாதி அறுந்து நிற்கும்போது வேலையை நிறுத்தி, “கயிறு கட்ட ஆள் கூடுதல், 8,000 கொடுங்க” என்றார்கள். அந்த நிலையில் யாரால் பேரம் பேச முடியும்? பணம் வாங்கியும் கயிறு கட்டவில்லை. துண்டு நேராக விழுந்து கைப்பிடிச் சுவர் உடைந்தது, சர்வீஸ் ஒயர் அறுந்தது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்தாமலே வெட்டியிருக்கிறார்கள். ஆள் சாகாதது அதிர்ஷ்டம். தடிமரம் லாரியில் ஏறியதும் ஆளைக் காணோம். தழையும் அடிக்கட்டையும் வாசலிலேயே கிடந்தன.

இத்தனைக்கும் அந்த மரத்தை வெட்டியிருக்கவே வேண்டாம். உயரம் மட்டும் ஆபத்து ஆகாது. சாய்வு புதிதாகக் கூடுகிறதா, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து எழும்புகிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா, கிளை பிரியும் கவை பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாவிட்டால் கிளைகளைக் கழித்துவிட்டாலே போதும், அதுவும் தழையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கிளையின் அடிப்புறம், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் கிளை விழும். மிச்சக் கட்டையைத் தண்டோடு சேரும் புடைப்பை ஒட்டி, புடைப்பைத் தொடாமல் எடுக்கலாம்.

‘உச்சியை மொட்டையடிச்சுத் தர்றோம்’ என்பவரையும் அனுப்பிவிடுங்கள். பெரிய வெட்டில் தண்ணீர் இறங்கி அழுகும். அங்கே கொத்தாகத் துளிர்ப்பவை பட்டையோரம் மட்டும் பிடித்திருக்கும், கனம் ஏறியதும் காற்றில் பிய்ந்து விழும். அடித்தள விரிசலுக்காக வேரை வெட்டுவதானால், அடிமர விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் கை வைக்கக் கூடாது. வெட்டினால் புயலுக்குச் சாயப்போவது அந்த மரம்தான்.

எடுத்தே ஆகவேண்டிய மரம் என்றால் வெட்டுக்கூலியும் மர விலையும் தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்குங்கள். கயிறு கட்டி இறக்குவது, தழை அள்ளுவது, அடிக்கட்டை எடுப்பது, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தடிமரம் லாரி ஏறுவது கடைசியில்தான், தழை போன பிறகு. தெருவோர மரம் உங்களுடையது அல்ல, அனுமதியில்லாமல் தொட்டால் வழக்கு உங்கள்மேல் வரும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சந்தனம் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்க வேண்டும்.