கண்டலேறா, வீராணமா, கடலா: சென்னை எந்தத் தண்ணீரை நம்பலாம்?

சென்னையின் குடிநீர்க் கணக்கில் பெரிய வாக்குறுதி கிருஷ்ணா நீர்தான். மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் தங்கள் பங்கிலிருந்து வருடத்துக்கு ஆளுக்கு 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தருவதாக 1976-இல் ஒப்புக்கொண்டன, வழியில் வீணாகும் 3 போக எல்லையில் 12 டிஎம்சி வரவேண்டும். அது நாளொன்றுக்கு 93 கோடி லிட்டர், கிட்டத்தட்ட நகரம் முழுக்கக் குடித்துக் குளிக்கப் போதும்! ஆனால் ஸ்ரீசைலத்தில் கிளம்பி சோமசிலா, கண்டலேறு என ஆந்திர அணைகளில் தங்கித் தங்கி, அப்புறம் 150 கிலோமீட்டர் கால்வாயில் வழிநெடுக மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்களைத் தாண்டி, தமிழக எல்லையான ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட்டுக்கு வந்து சேருவதை அளந்தால், முழு 12 வந்த வருடத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அங்கே மழை பொய்த்தால் அவர்கள் வயலுக்குத்தான் முதலில் திறப்பார்கள், நாமாக இருந்தாலும் அதையேதான் செய்வோம்.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி வேறு மாதிரி. காவிரித் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது, அங்கிருந்து 2004 முதல் 230 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்கு நாளுக்கு 18 கோடி லிட்டர். குழாய் என்பதால் நடுவில் எவரும் மோட்டார் போட முடியாது, ஒரே மாநிலம் என்பதால் பேச்சும் சுலபம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் காய்ந்தபோது கைகொடுத்தது இதுதான், ஏனென்றால் முந்தைய வருடம் மேட்டூர் நிரம்பியிருந்தது. காவிரிக்கு வரும் தென்மேற்கு மழையும் சென்னைக்கு வரும் வடகிழக்கு மழையும் எப்போதும் ஒன்றாகப் பொய்ப்பதில்லை என்பதுதான் வெளியூர்த் தண்ணீரின் உண்மையான லாபம். ஆனால் ஏரியை நம்பி காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது, அவர்களைக் கேட்டால் கதை வேறாக இருக்கும்.

அதே வருடம் ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். படம் பிடிக்க நன்றாக இருந்தது, நகரத்தின் தேவைக்கு அது சொட்டு.

சரி, கடல்? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்: மீஞ்சூர் 2010, நெம்மேலி 2013, நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர், 2024-இல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி. யாரிடமும் கையேந்த வேண்டாம், வறட்சி தெரியாது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும் என்பதுதான் வலி, மழை கொட்டி ஏரி நிரம்பிய வருடத்திலும் ஆலைச் செலவு முழுதாக நின்றுவிடாது.

என் ஓட்டு வீராணத்துக்கு, கடல் காப்பீடாக. கிருஷ்ணாவை வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம், திட்டம் போடும்போது பாதிக்கு மேல் எண்ணக்கூடாது. பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீர் ஆலை தயாராகி வரும் இந்த நேரத்திலேயே, பஞ்ச வருடத்தில் வீராணத்திலிருந்து எவ்வளவு எடுப்போம், வயலுக்கு எவ்வளவு விடுவோம் என்று கடலூர் விவசாயிகளோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஏரி வற்றிய பிறகு பேசப் போனால் எவர்தான் கேட்பார்கள்?