இலைக் கணக்கைக் காப்பாற்றிக் கொடுத்த கோத்தகிரி கடை

கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் மாடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்புகிற எங்களுக்கு, அந்தக் கடைத் தம்பி செய்த உதவி பெரியது.

மழையில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பேக்கப் இருந்தது, புது மெஷினில் மூன்று வருடக் கணக்கும் வந்து உட்கார்ந்தது. மறுநாள் முதல் எடையைப் பதிந்தால் 'டூப்ளிகேட் கீ' என்று நிற்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐடி என்று ஒரு வரிசை எண் உண்டு; ஐடி 1 ஏற்கெனவே இருக்கிறதாம். மறுபடி அழுத்தினால் 2, அப்புறம் 3. வெளியே இலை மூட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரோ, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். ஊர்க்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி அத்தனையும் அதில்தானே இருக்கிறது!

தம்பி நேரிலேயே வந்தார். எதையும் தொடுவதற்கு முன்னால் முழுசாக ஒரு காப்பி எடுத்து வைத்தார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"அக்கா, எத்தனை தடவை சேவ் அமுக்குனீங்க?"

"ஆறேழு தடவை இருக்கும்."

"அடுத்த ஐடி நம்பரைக் கொடுக்கிற கவுன்ட்டருக்கு சீக்வென்ஸ்னு பேரு. அது 7-ல நிக்குது. பதிவு ஃபெயில் ஆனாலும் எடுத்த நம்பரை அது திருப்பித் தராது. டேபிள்ல கடைசி ஐடி 48,216. ரசீது புக் மாத்தும்போது பழைய புக்கோட கடைசி நம்பரைப் பார்ப்பீங்கல்ல? இதுல யாரும் பார்க்கல."

எங்கள் பேக்கப்பில் டேபிளின் அமைப்பு தனி, விவரங்கள் சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்து ஃபைலாகத் தனி. வரிகள் தங்கள் ஐடியோடேயே உள்ளே போவதால் எங்கள் கணக்கு இருக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சீக்வென்ஸ் அசையாதாம். மைஎஸ்க்யூஎல் என்கிற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் பெரிய எண் உள்ளே போனதும் தானே அதைத் தாண்டிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி டம்ப்பில் முழு பேக்கப் எடுத்திருந்தால், சீக்வென்ஸை எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று சொல்கிற 'செட்வால்' வரியும் சேர்ந்தே வந்திருக்கும்.

அந்த செட்வாலை ஒரே வரியில் அடித்து, கடைசி ஐடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அட்வான்ஸ், பட்டுவாடா டேபிள்களிலும் இதே கோளாறு இருந்ததைக் கேட்காமலே பார்த்துச் சரிசெய்தார். அடுத்த எடை 48,217-ஆகப் பதிந்தது.

வாங்கியது 600 ரூபாய். ஒரே குறை, காலை பத்து மணிக்கு முன் போன் எடுக்க மாட்டார்; எங்களுக்கு இலை ஏழு மணிக்கே வந்துவிடும். இப்போது வாரா வாரம் பேக்கப்பை இன்னொரு மெஷினில் ஏற்றி, ஒரு எடையைப் பதிந்து பார்த்துவிடுகிறேன்.