முடக்குவாதம்: ஊசியா, குளிகையா?

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் மாமிக்கு விடியற்காலையில் விரல் மடங்காது. வலது உள்ளங்கையில் கத்தியை வைத்து, இடக்கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுவார். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுத்தும் வீக்கம் வடியவில்லை. டாக்டர் அடுத்து இரண்டு மருந்துகளைச் சொன்னதும், "மக்களே, ஊசியா குளிகையா, எது கொள்ளாம்?" என்று என்னிடம் கேட்டார்.

நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களை அனுப்பித்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. இந்த நோயில், கிருமியே இல்லாத மூட்டிலும் அந்தப் பேச்சு ஓயாது. அடாலிமுமாப் ஊசி, டி.என்.எஃப். என்ற ஒரே சைட்டோகைனைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்துக்கொள்கிறது. டோஃபாசிட்டினிப் குளிகை செல்லுக்குள் நுழைந்து ஜாக் நொதிகளை அடக்குகிறது. இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் எனப் பலவற்றின் சேதியும் இந்த நொதிகள் வழியாகத்தான் உட்கருவுக்குப் போகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் ஒரு கிளைக்காலை அடைப்பது ஊசி. பல கால்கள் பிரியும் இடத்தில் ஷட்டரைப் பாதி இறக்குவது குளிகை.

வசதி குளிகைக்குத்தான். 5 மில்லிகிராம், இருவேளை. ஜெனரிக் வந்தபின் விலையும் ஊசியைவிட வெகு குறைவு. ஊசி 40 மில்லிகிராம், இரு வாரத்துக்கு ஒன்று. நாகர்கோவிலிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். மழையில் கரண்ட் போனால் அந்தக் கவலை வேறு.

ஆனால் 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றை என்னால் ஒதுக்க முடியவில்லை. 50 வயது தாண்டிய, இதயநோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 பேரை அதில் கவனித்தார்கள். டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டவர்களைவிட, டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. அக்கியும் குளிகையில்தான் அதிகம். மாமிக்கு 58 வயது, பிரஷரும் உண்டு. முப்பது வயதில் வேறு நோயில்லாதவர் கேட்டிருந்தால் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன்.

ஊசியிலும் பெரிய ஆபத்து இருக்கிறது: காசநோய். நுரையீரலில் பதுங்கிய கிருமியைச் சுற்றிச் செல்கள் கட்டும் அரண் நிலைக்க டி.என்.எஃப். வேண்டும், அதைத் தடுத்தால் அரண் தளர்ந்து கிருமி வெளியே வரும். குளிகைக்கும் முன்கூட்டியே காசநோய்ச் சோதனை அவசியம்தான் என்றாலும், ஊசிக்கு இதைத் தவறவே விடக்கூடாது.

டாக்டரும் ஊசியையே சொன்னார். சோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம். மாமி அதற்குள் பிரிட்ஜின் நடுத்தட்டில் மீன்குழம்புச் சட்டியைத் தள்ளி இடம் ஒதுக்கிவிட்டார். ஃப்ரீசரை ஒட்டி வைக்கக்கூடாது, உறைந்தால் மருந்து வீண் என்று சொல்லியிருக்கிறேன்.