திரிபைக் கண்டுபிடிப்பது எது: பிசிஆரா, மரபணு வரிசையா, கழிவுநீரா?

வீட்டில் ஏஆர்டி என்ற விரைவுச் சோதனை எடுத்து இரண்டு கோடு விழுந்தால் கொவிட் என்று தெரியும். எந்தத் திரிபு, அதாவது கிருமியின் எந்த மாறிய வகை என்று அந்தக் கருவி சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

அங்கே வேகம் என்றால் பிசிஆர், கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் சோதனை. சில மணி நேரத்தில் முடிவு. 2021 நவம்பரில் ஓமிக்ரான் தலைகாட்டியபோது இது பெரிதும் கைகொடுத்தது. அப்போது பல நாடுகளில் புழங்கிய ஒரு சோதனை, கிருமியின் மூன்று மரபணுக்களைத் தேடும். திரையில் மூன்று கோடுகள் வளைந்து மேலேற வேண்டும். ஓமிக்ரானில் இரண்டுதான் ஏறின. முள்புரத மரபணுவின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் ஆறு மரபணு எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. அப்போது பரவலாக இருந்த டெல்டாவில் அந்த அழிவு இல்லை. அதனால் கோடு ஏறவில்லை என்றாலே ஓமிக்ரான் என்று அன்றைக்கே சந்தேகிக்க முடிந்தது.

அப்புறம் ஓமிக்ரானின் கிளையான பிஏ.2 வந்தது. அதில் அந்த ஆறு எழுத்துகளும் அப்படியே இருந்தன. மூன்று கோடும் ஒழுங்காக ஏற, ஓமிக்ரானின் உறவே டெல்டா மாதிரித் தெரிந்தது. பிசிஆர் நாம் தேடச் சொன்னதை மட்டுமே தேடும். இது அதன் பெரிய குறை.

மரபணு வரிசையாக்கம் அப்படியல்ல. கிருமியின் ஏறக்குறைய 30,000 எழுத்துகளையும் துண்டு துண்டாகப் படித்து ஒட்டுகிறது. யாரும் எதிர்பார்க்காத மாற்றமும் அதில் தெரிந்துவிடும். செலவு அதிகம், பெரும்பாலும் சில நாள் பிடிக்கும். மாதிரியில் கிருமி குறைவாக இருந்தால் வரிசையில் ஓட்டை விழும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, கழிவுநீர்? சிங்கப்பூரில் 2020லேயே ஊழியர் தங்கும் விடுதிகளில் இந்தச் சோதனை நடந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொருவர் மூக்கிலும் குச்சி விடாமல், கட்டடத்தின் கழிவுநீரைப் பார்த்தே கிருமி இருக்கிறதா என்று அறிய முடிந்தது. யாருக்கு என்று அது காட்டாது. பல திரிபுகள் கலந்திருந்தால் பிரித்துப் படிப்பதும் சிரமம். ஆனால் இன்று சளி பிடித்தால் யார் பரிசோதனைக்குப் போகிறார்கள்? போகாதவர்களின் கிருமியும் கழிவுநீரில் வந்து சேர்கிறது. அதனால், பணம் குறைவாக இருந்தால் பிசிஆர் தேடலைக் குறைக்கலாம். கழிவுநீரைத் தொடர்ந்து பார்த்து, அளவு ஏறும் பகுதியின் கிளினிக்குகளிலிருந்து மாதிரிகளை எடுத்து வரிசையாக்கத்துக்கு அனுப்ப வேண்டும். தொற்று அடங்கியிருக்கும் மாதங்களிலும் இந்த வேலை நிற்கக் கூடாது.