சம்ப்புக்கு 'டபுள் சேஃப்டி' கண்ட்ரோலர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள், அதிலும் கீழே சம்ப் (மேல் தொட்டியின் தண்ணீர் வழிந்து இறங்கி மறுபடி மேலே போகிற துணைத் தொட்டி) வைத்துக்கொண்டு, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கிப் பம்ப்பை ஓட்டி நிறுத்துகிற ஃப்ளோட் சுவிட்சை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், இதைக் கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக்கூடாது.

விடியற்காலையில் எழுந்து வந்தேன், தரையில் கால் வைத்ததும் ஈரம். அடுத்துக் கவனத்துக்கு வந்தது சத்தம்தான். தினமும் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சம்ப்பில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அன்று அது இல்லை, ஏனென்றால் சம்ப் விளிம்பு வரை நிரம்பிக் குழாயின் வாயே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அதற்குப் பதிலாகக் கரகரவென்று வேறொரு சத்தம். பக்கத்தில் இருந்த 60 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் கேன் காலி, அதற்குள் அடியில், சம்ப்பில் குறைகிற தண்ணீரை நிரப்புகிற டாப்-அப் பம்ப் தண்ணீரே இல்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டிய உப்பு 29-க்கு இறங்கியிருக்கிறது. சம்ப்போடு சேர்த்து என்னுடையது சுமார் 300 லிட்டர். அதில் ஒரே ராத்திரியில் 60 லிட்டர் நல்ல தண்ணீர் போய்ச் சேர்ந்தால் வேறென்ன ஆகும்?

நாலு மாதத்துக்கு முன்புதான் இந்த டாப்-அப் கண்ட்ரோலரை வாங்கினேன். ஆவியாகிப் போகிற தண்ணீரை அதுவே நிரப்பிவிடும், இரண்டு ஃப்ளோட் இருக்கிறது, ஒன்று பழுதானால் மேலே இருக்கிற இன்னொன்று பம்ப்பை நிறுத்திவிடும் என்று விற்றார்கள். "டபுள் சேஃப்டி சார், ஊருக்குப் போனாலும் கவலையே வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மாட்டிக்கொடுக்க அவரே ஒரு தம்பியை அனுப்பினார். அந்தத் தம்பி முதல் நாள் கேனைச் சம்ப்பைவிட உயரமாக ஒரு ஸ்டூலில் வைத்தார், பம்ப் நின்ற பிறகும் குழாய் வழியாகத் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருந்தது. குழாயின் முனை கேனின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் சைஃபன் ஆகும், எந்தச் சுவிட்சாலும் அதை நிறுத்த முடியாது. நான் காட்டியதும் கேனைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு "இப்ப சரியாயிடுச்சு சார்" என்று கிளம்பிவிட்டார். இந்த அடிப்படை தெரியாதவர் மாட்டிய வேலையை நான் அன்றைக்கே முழுசாகப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சம்பவம் நடந்த அன்று கடைக்குப் போன் செய்தேன். விசாரிக்கக்கூட இல்லை, "ஃப்ளோட்ல நத்தை ஏறியிருக்கும், உப்பு படிஞ்சிருக்கும், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். நத்தை ஏறுவதும் உப்புப் படிவதும் உண்மையில் நடக்கக்கூடியவைதான், அதனால் ஃப்ளோட்டைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, விரலால் தள்ளினால் தண்டில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. மல்டிமீட்டரைப் பீப் மோடில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து இரண்டு வயரிலும் பிடித்தேன். ஃப்ளோட் கீழே இருக்கும்போது பீப் அடிக்க வேண்டும், மேலே தூக்கினால் நிற்க வேண்டும். தூக்கினேன், நிற்கவில்லை. கீழே விட்டேன், தூக்கினேன், தலைகீழாகக் கவிழ்த்தேன், பீப் அடித்துக்கொண்டே இருந்தது.

இந்தச் சின்ன ஃப்ளோட்களின் தண்டுக்குள் ஒரு ரீட் சுவிட்ச் இருக்கும், மிதவைக்குள் ஒரு காந்தம். காந்தம் நெருங்கினால் உள்ளே இருக்கிற மெல்லிய இரண்டு தகடுகள் ஒட்டும், விலகினால் பிரியும், அவ்வளவுதான் அதன் வேலை. முடி போல மெல்லிய தகடு அது, பல ஃப்ளோட்களில் 10 வாட்தான் தாங்கும் என்று போட்டிருக்கும். அதனால்தான் ஃப்ளோட் ஒரு ரிலேயை (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கிற சுவிட்ச்) மட்டும் இயக்க வேண்டும், பம்ப்புக்கான கரண்ட் ரிலே வழியாகப் போக வேண்டும். பம்ப்பில் காயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் சுவிட்சில் ஒரு பொறி அடிக்கும், அது மெல்ல மெல்லத் தகட்டைத் தின்று ஒருநாள் இரண்டையும் ஒன்றோடொன்று வெல்டு வைத்துவிடும்.

பெட்டியைத் திறந்தேன். ரிலே இல்லை. வீட்டுக் கரண்ட்டின் ஒரு வயர் நேராக ஃப்ளோட்டுக்குப் போய் அப்படியே பம்ப்புக்குத் திரும்புகிறது. அதாவது நாலு மாதமாக உப்புத் தண்ணீருக்குள் முழுக் கரண்ட் ஓடுகிற ஒரு பிளாஸ்டிக் தண்டு இருந்திருக்கிறது, அதே தண்ணீரில்தான் வாரம் இரண்டு முறை முழங்கை வரை கையை விட்டேன். அப்புறம் இரண்டாவது ஃப்ளோட், அந்த 'சேஃப்டி'. அதன் இரண்டு வயர்களும் ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் வருகின்றன, வந்து எதிலும் சேரவில்லை. நுனியைக்கூடச் சீவாமல் ஹாட் க்ளூ போட்டு மூலையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று என்னால் சொல்ல முடியாது, தெரிந்தே செய்த ஏமாற்று இது.

படம் எடுத்து அனுப்பினேன். "பாக்ஸைப் பிரிச்சுட்டீங்க, வாரண்டி போச்சு" என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை.

கிளீனர் இறால் இரண்டும் அன்றே போய்விட்டன. நட்சத்திர மீன் இரண்டு நாள் கழித்துக் கரைய ஆரம்பித்தது. மூன்று வருடமாக ஒற்றைத் தலையிலிருந்து வளர்த்த டார்ச் பவளம் உள்ளே சுருங்கி எலும்பு வெளியே தெரிய நின்றது. கிளவுன் மீன்கள் மட்டும் பிழைத்தன. அவசரப்பட்டு உப்பை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், உப்பு இறங்குவதைவிட வேகமாக ஏறுவதுதான் மீனுக்கு ஆபத்து. நான் ஆறு நாள் எடுத்துக்கொண்டு ஏற்றினேன்.

இப்போது எல்லாவற்றையும் நானே மாற்றிவிட்டேன். பம்ப் 12 வோல்ட். சம்ப்பில் இரண்டு ஃப்ளோட், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக, ரிலேக்கு மட்டும். இரண்டில் எது இணைப்பைத் துண்டித்தாலும் பம்ப் நிற்கும், வயர் அறுந்தாலும் நிற்கும். அதற்கு மேல் நேரக் கட்டுப்பாடு: ஒரு தடவை 3 நிமிடத்துக்கு மேல் ஓடினால் கண்ட்ரோலரே நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கும். அலையில் ஃப்ளோட் ஆடினால் ரிலே டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும், அதற்குச் சில நொடி தாமதம் வைத்திருக்கிறேன். ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது கேனின் அளவு. 60 லிட்டருக்குப் பதில் 15 லிட்டர் வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு 4 லிட்டர்வரை ஆவியாகிறது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை நிரப்புகிறேன். எல்லாச் சுவிட்சும் ஒரே நேரத்தில் கைவிட்டால்கூட உப்பு 33-க்குக் கீழே போகாது, சம்ப்பும் வழியாது.

ஹீட்டரையும் பாருங்கள். அந்தத் தம்பி ஹீட்டரையும் டெம்பரேச்சர் சென்சாரையும், சம்ப்பில் ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது) இருக்கிற அறையில் போட்டிருந்தார். சம்ப்பில் தடுப்புக் கண்ணாடிகளால் மற்ற அறைகளின் மட்டம் மாறாது, ஆவியாவதெல்லாம் அந்தக் கடைசி அறையில்தான் குறையும். அங்கே தண்ணீர் இறங்கினால் சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டு குளிர் என்று சொல்லும், ஹீட்டர் அணையவே அணையாது, பாதி வெளியே தெரிகிற கண்ணாடி ஹீட்டர் வெடிக்கும். இரண்டையும் மட்டம் மாறாத அறைக்கு மாற்றுங்கள். ரிட்டர்ன் அறையின் அடியில் ஒரு ஃப்ளோட் வைத்துத் தண்ணீர் குறைந்தால் ரிட்டர்ன் பம்ப்பும் ஹீட்டரும் நிற்கும்படி செய்யுங்கள். கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு பக்கெட் தண்ணீர் கேளுங்கள். பம்ப்பை ஓடவிட்டு முதல் ஃப்ளோட்டைத் தூக்குங்கள், நிற்க வேண்டும். அதைக் கீழே பிடித்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் தூக்குங்கள், அப்போதும் நிற்க வேண்டும். என்னுடையது இந்த இரண்டாவது சோதனையில் அரை நிமிடத்தில் மாட்டியிருக்கும். அது சாம்பல் நிறப் பெட்டி, மேலே ஒரே ஒரு பச்சை விளக்கு, மூடியில் நாலு திருகு, அதில் ஒரு திருகின் மேல் 'பிரித்தால் வாரண்டி இல்லை' என்று ஸ்டிக்கர். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஸ்டிக்கரைக் கடைக்காரர் கையாலேயே கிழித்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.