ஃபோர்ட்ரானில் டெக்ஸ்ட் ஃபைல் படிப்பது: பல வருடப் பழக்கத்தில் கண்டவை

மழை அளவு, வெப்பநிலை என்று டெக்ஸ்ட் ஃபைலில் வரும் தரவுகளை அரேக்குள் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) ஏற்ற இன்றும் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைத்தான் நம்பியிருக்கிறேன். காரணம், ஃபார்மேட் இடத்தில் நட்சத்திரக் குறி போட்ட ரீட் என்ற படிக்கும் கட்டளை. ஃபார்மேட் எதுவும் சொல்ல வேண்டாம். நடுவே எத்தனை இடைவெளி இருந்தாலும், காற்புள்ளி வந்தாலும் அதுவே பிரித்துக்கொள்ளும். வரியில் எண்கள் போதாவிட்டால் நம்மைக் கேட்காமலே அடுத்த வரிக்குப் போய்விடும்.

இந்தத் தாராளம்தான் தலைவலியும். வரியில் 12/05/2019 34.5 என்று இருக்கிறது. நாள், மாதம், வருடம், மழை என நான்கு மாறிகளில் படிக்கச் சொல்கிறோம். நாளில் 12 ஏறும். சாய்கோட்டைக் கண்டதும் ரீட் தன் வேலையை முடித்துக்கொள்ளும். மற்ற மூன்றிலும் முன்பு இருந்த மதிப்பே அப்படியே கிடக்கும். படிப்பதில் சிக்கல் வந்ததா என்று சொல்லும் ஐயோஸ்டாட்டோ, சிக்கலே இல்லை என்று சமர்த்தாகப் பூஜ்யம் காட்டும்! இது கம்பைலரின் கோளாறு இல்லை, மொழியின் விதியே அதுதான். 7,,9 என்று அடுத்தடுத்துக் காற்புள்ளி வந்தாலும் நடு மாறி தொடப்படாது.

அதனால் இப்போதெல்லாம் முழு வரியையும் முதலில் ஒரு கேரக்டர் மாறியில், அதாவது எழுத்துச் சரமாக, வாங்கிவிடுகிறேன். சாய்கோடுகளை இடைவெளியாக்கி, மதிப்பு ஏறாதது தெரியும்படி மாறிகளில் -999 நிரப்பி, அந்தச் சரத்திலிருந்து ரீட். எண் குறைந்தால் அடுத்த வரிக்குத் தாவாது, ஐயோஸ்டாட் நெகட்டிவாக வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை வரி என்று தெரியாத ஃபைலுக்கு, ஃபோர்ட்ரான் 77 காலத்தில் அரேயைப் பெரிதாக அறிவித்துவிட்டு சாமியைக் கும்பிட வேண்டியதுதான். ஓடும்போதே அளவு சொல்லக்கூடிய அலோகேட்டபிள் அரே ஃபோர்ட்ரான் 90-இல் வந்த பிறகு ஒருமுறை வரிகளை எண்ணி, அந்த அளவுக்கு அலோகேட் செய்து, ரீவைண்ட் போட்டு ஃபைலின் தொடக்கத்திலிருந்து மறுபடி படிக்கலாம். நான் பெரும்பாலும் இப்படித்தான். ஃபோர்ட்ரான் 2003 தரத்தில் ஒவ்வொரு மதிப்பாக அரேயின் வாலில் ஒட்டவும் முடியும். பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு முறையும் முழு அரேயும் நகலெடுக்கப்படுவதால் லட்சம் வரிக்கு மேல் நொண்டும். அங்கே இடம் தீரும்போது மட்டும் அளவை இரட்டிப்பாக்கி, புதிய அரேயைப் பழைய பெயருக்கு மாற்றும் மூவ்_அலோக் செய்வதே மேல்.

இருபரிமாண அரே என்றால் பெயரை மட்டும் கொடுத்துப் படிக்காதீர்கள். அது நெடுவரிசை நெடுவரிசையாக நிரம்பும். டூ (DO) லூப்பில் ஏ(ஐ,:), அதாவது ஐ-ஆவது வரி முழுவதும், என்று வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம், ஃபோர்ட்ரான் 2008-இல் வந்த நியூயூனிட். ஃபைலைத் திறக்கும்போது அதைக் குறிக்கும் யூனிட் எண்ணை, யாரும் பயன்படுத்தாததாகப் பார்த்து அதுவே தரும். யூனிட் 10-ஐ இரண்டு சப்ரூட்டீன்கள் பங்குபோட்டுச் சண்டையிடும் தொல்லை அதோடு ஒழிந்தது.